கச்சான் காணாத ராணி

கேள்வி

டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் சித்தாண்டிப் பக்கம். என் அண்ணா நுவரெலியாவில் வேலை செய்தபோது, அங்கே வாவிக்கரையில் ஆட்களை ஏற்றித் திரிந்த ஒரு பெண் மட்டக்குதிரையை வாங்கி, இரண்டு வருஷத்துக்கு முன் லொறியில் எங்களிடம் கொண்டுவந்து விட்டார். பெயர் ராணி. வயது 12 இருக்கும் என்று சொன்னார்கள். எங்களுக்கு 2 ஏக்கர் தென்னந்தோட்டம் இருக்கிறது. அதற்குள் அவிழ்த்து விட்டிருக்கிறோம். மாரி மழைக்குப் பிறகு புல் முழங்கால் உயரம் நிற்கிறது. பகல் இரவு பாராமல் மேய்கிறாள். அது போக மாமி காலையில் தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைப்பார், இரவில் மிஞ்சின சோறும் போடுவார். மாடுகளுக்கு வாங்குகிற தீனிலும் ஒரு சுண்டு அவளுக்குப் போகும்.

இப்போது ராணி உருண்டு போனாள். முதுகின் நடுவே வாய்க்கால் மாதிரிப் பள்ளம். பிடரி மயிர் முளைக்கிற இடம் தடித்துக் கல் மாதிரி இருக்கிறது. ஊரில் எல்லாரும் "குதிரை என்றால் இதுதான்" என்கிறார்கள். கண்ணூறு படாமல் இருக்க மாமி கட்டின கறுப்புக் கயிறு இப்போது கழுத்தை இறுக்குகிறது. போன கிழமை மகள் ஏறியபோது கல் ரோட்டில் நடக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். மணலில் இறக்கினதும் நடந்தாள். குளம்பில் வளையம் வளையமாகக் கோடு இருக்கிறது. மகள் யூடியூப் பார்த்து அளந்தாள்: நெஞ்சுச் சுற்றளவு 152 சென்ரிமீற்றர் (தையல் நாடா போதவில்லை, கயிறு வைத்து அளந்தது), நீளம் 132, உயரம் 122.

மாமி சினை என்கிறார். இவர் ஒரு கிழமை கட்டி வைத்துப் பட்டினி போட்டால் சரிவரும் என்கிறார். மெலிய வைக்கிற ஊசி ஏதும் உண்டா? தோட்டத்துப் புல்லை வெட்டிவிடவா?

— ஒரு தாய், சித்தாண்டி

பதில்

அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளையும் விட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கல் ரோட்டில் நடக்க மறுத்தாள், மணலில் நடந்தாள். அது பிடிவாதம் இல்லை. கால் நோகிறது. இந்தப் பதிலை வாசிக்கிற இன்றைக்கே மகள் ராணி மேல் ஏறுவதை நிறுத்துங்கள். உங்கள் பிரிவு மிருக வைத்தியரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம்.

வைத்தியர் வரும் வரைக்கும் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். ராணியின் முன்னங்காலில், குளம்புக்கு மேலே கொஞ்சம் உள்வாங்கி, அதற்கும் மேலே ஒரு மூட்டு புடைத்திருக்கும். அந்த மூட்டின் பின்பக்கத்து ஓரத்தில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். ஒரு நரம்புக் கட்டு விரலுக்குக் கீழ் உருளும். அதோடு சேர்ந்து ஓடுகிற நாடியைத் தேடுங்கள். நல்ல சுகமான குதிரையில் இந்த நாடியைக் கண்டுபிடிப்பதே பாடு. தேடாமலே விரலில் வந்து முட்டி அடித்தால் குளம்புக்குள் பிரச்சினை இருக்கிறது. குளம்பு சுடுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அவள் நிற்கும் நிலையையும் கவனியுங்கள். முன்னங்காலை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்காலில் போட்டுச் சாய்ந்து நின்றால், அல்லது காலை மாற்றி மாற்றி வைத்தால், அது லமினைட்டிஸ் என்ற குளம்பு நோய்.

குளம்பு என்பது வெளியே நகம், உள்ளே எலும்பு. இரண்டையும் ஒட்டிப் பிடித்திருப்பது மெல்லிய இதழ் இதழான ஒரு படை. அந்தப் படை கெட்டால் எலும்பு நகத்திலிருந்து கழன்று கீழே இறங்கும். முற்றினால் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு எலும்பு வெளியே வருவதும் உண்டு. மட்டக்குதிரைகளில் இதற்கு முக்கியக் காரணம் இன்சுலின். நம் வீடுகளில் சீனி வருத்தக்காரர் இல்லாத வீடு குறைவு, ஆகவே இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உடம்பில் கொழுப்பு ஏறி, இன்சுலின் சொல்வதை உடம்பு கேளாமல் போக, இன்னும் இன்னும் இன்சுலின் சுரக்கிறது. மனிதருக்கு அது சீனி வருத்தமாக முடியும். குதிரைக்கு அது குளம்பில் இறங்கும். குளம்பில் தெரிகிற வளையங்கள் குதிகாற் பக்கம் அகன்றும் முன்பக்கம் நெருங்கியும் இருந்தால், சத்தமில்லாமல் இது முன்பும் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

நாடி முட்டி அடித்தால் புல்லிலிருந்து உடனே எடுத்து, ஆழமான மணலிலோ வைக்கோல் மெத்தையிலோ நிறுத்துங்கள். நடக்க வைக்க வேண்டாம். மீன் வாடியில் ஐஸ் வாங்கி, தண்ணீரும் ஐஸும் கலந்த வாளிக்குள் முன்னங்கால்களை நிறுத்திக் குளிர வைப்பது முதல் இரண்டு மூன்று நாளில் நல்ல உதவி. வீட்டிலிருக்கும் மனிதர் நோ மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். குதிரைக்கு உரிய நோ மருந்தை வைத்தியர் தருவார். இன்சுலினுக்கு இரத்தம் எடுத்துப் பார்க்க முடியுமா என்றும் அவரிடம் கேளுங்கள். குதிரை பார்த்துப் பழக்கமில்லை என்று அவர் சொன்னால் குறை நினைக்க வேண்டாம். இந்த மாவட்டத்தில் நாங்கள் எல்லாரும் மாடு பார்த்து வளர்ந்தவர்கள். பேராதனை மிருக வைத்திய பீடத்தோடு அவர் கதைத்துக்கொள்வார்.

சினை விஷயம் சுருக்கமாக. குதிரைக்குச் சினைக்காலம் 11 மாதம். ராணி உங்களிடம் வந்து இரண்டு வருஷம், ஆண் குதிரை அக்கம் பக்கத்தில் இல்லை. மாமிக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: வயிற்றில் இருப்பது அவர் போட்ட சோறு.

இனி எடை. 152-ஐ 152-ஆல் பெருக்கி, வந்ததை 132-ஆல் பெருக்கி, 11877-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 257 கிலோ வருகிறது. அளவுகள் சென்ரிமீற்றரில் இருந்தால் விடை கிலோவில் வரும்; குதிரை வைத்தியர்கள் கைக்கணக்காகப் பாவிக்கும் சூத்திரம் இது. மகள் கெட்டிக்காரி. அடுத்த முறை அளக்கும்போது முன்னங்காலுக்கு நேர் பின்னால், முழங்கைக்குப் பின்பக்கமாகக் கயிற்றைச் சுற்றி, ராணி மூச்சை விடுகிற நேரம் பார்த்து அளக்கச் சொல்லுங்கள். நீளம் என்பது தோள்மூட்டின் முன் முனையிலிருந்து பிட்டத்து எலும்பின் பின் முனை வரை. 122 சென்ரிமீற்றர் உயரமுள்ள, நுவரெலியா வாவிக்கரைக் குதிரையின் எலும்புவாகு உள்ள ஒரு மட்டக்குதிரைக்கு 225 கிலோ அளவு நான் ஆசைப்படும் எடை. அதாவது 30 கிலோவுக்கு மேல் அவள் சும்மா சுமந்து திரிகிறாள். நெஞ்சுச் சுற்றளவு 142-க்கு இறங்கினால் நாம் வந்து சேர்ந்துவிட்டோம்.

எண்ணை நம்பாவிட்டால் கையை நம்புங்கள். உங்கள் இடக்கையை முஷ்டியாகப் பொத்தி, வலது விரலால் முட்டிகளைத் தடவுங்கள். விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் குதிரை மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். அப்படித் தட்டுப்பட்டால் சரி. திருப்பி உள்ளங்கையின் சதையைத் தடவுங்கள். ராணியின் விலா அப்படித்தான் இருக்கும், அதுவும் அழுத்தித் தேடினால். 1983-இல் அமெரிக்காவில் ஹெனெக்கே என்பவரும் கூட இருந்தவர்களும் 1 முதல் 9 வரை ஓர் அளவுகோல் வகுத்தார்கள். 5 நல்ல உடம்பு, 9 மிகக் கொழுத்தது. முதுகில் வாய்க்கால் விழுந்து, பிடரி தடித்து, விலா தெரியாத ராணிக்கு நான் பார்க்காமலே 8 போடுவேன்.

ஏன் இப்படி ஆனாள்? பெருந்தீனிக்காரி என்று அவள் மேல் பழி போட வேண்டாம். மட்டக்குதிரை என்பது வறண்ட இடத்தில், குளிரில், தரிசில் பிழைத்த சாதி. பிரித்தானியாவில் ஷெட்லண்ட் தீவிலும் எக்ஸ்மூரிலும் வேல்ஸ் மலையிலும் இருக்கிற மட்டக்குதிரைகள் கோடையில் புல் தின்று கொழுக்கும், பனிக்காலத்தில் அந்தக் கொழுப்பை எரித்து வசந்தத்தில் விலா தெரிய வந்து நிற்கும். வருஷா வருஷம் ஏறி இறங்குகிற உடம்பு அது. பனியைத் தேடி அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆடி, ஆவணியில் நெடுந்தீவுக்குப் போய், கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைகளைப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்துக் கதை சொல்லும் அந்தக் குதிரைகளில் ஒன்றுகூட அந்த மாதங்களில் கொழுத்து நிற்காது.

நம் பக்கத்தில் பனிக்காலத்தின் வேலையைச் செய்வது கச்சான் என்ற வறண்ட காற்று. மார்கழி, தை வரை மழை. மாசி, பங்குனியில் சூடடிப்பு. பிறகு வைகாசியிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் வயல் வெளி வெடித்து, மேய்ச்சல் தரை வைக்கோல் நிறமாகி, பட்டி மாடுகள் எலும்பு தெரியத் திரியும். அதைப் பார்த்து நாங்கள் வயிறு எரிகிறோம். ஆனால் மட்டக்குதிரையின் உடம்பு அந்த நான்கு மாதத்தை எதிர்பார்த்துத்தான் மழைக்காலத்தில் தின்கிறது. ராணிக்கு என்ன நடந்தது? நுவரெலியாவில் 1,800 மீற்றருக்கு மேலே, குளிரில், நாள் முழுக்க ஆள் சுமந்தாள். இங்கே வந்தாள், வேலை இல்லை, குளிர் இல்லை, மழைக்காலத்தில் கரை புரண்ட புல். சரி, கச்சானிலாவது இறங்கியிருப்பாள். அந்த நேரம் பார்த்து "பாவம், புல் காய்ந்து போச்சு" என்று தவிடும் புண்ணாக்கும் சோறும் கூடியிருக்கும். நான் உங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, ஆனால் மாமிமாரைத் தெரியும். இரண்டு வருஷமாக அவள் ஒரு கச்சான் காணவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தக் கச்சானை அவளுக்கு மெதுவாகத் திருப்பிக் கொடுங்கள்.

மெதுவாக என்ற சொல்லில் நிற்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரர் சொன்ன பட்டினி வைத்தியத்தால் ஒரு குதிரை செத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. பல வருஷத்துக்கு முன், கடற்கரையோரம் விடுதி வைத்திருந்த ஒருவர் தன் மட்டக்குதிரையைக் காட்டினார். ராணியைப் போலத்தான். "தீனியைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன். எவ்வளவு, எப்படி என்று சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், சொன்னதைச் செய்கிறவர். நான்கு நாள் தண்ணீர் மட்டும் வைத்திருக்கிறார். ஐந்தாம் நாள் குதிரை தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது, இப்போது புல்லைக் காட்டினாலும் தின்னவில்லை என்று ஆள் அனுப்பினார். நான் போய் இரத்தம் எடுத்துக் குழாயை நிமிர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு அடியில் இறங்கியது. மேலே நிற்க வேண்டிய தெளிந்த மஞ்சள் நீருக்குப் பதில் தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளை. உடம்பில் கிடந்த கொழுப்பெல்லாம் ஒரே நேரத்தில் கரைந்து இரத்தத்துக்கு வந்துவிட்டது, ஈரலால் தாங்க முடியவில்லை. அதிலிருந்து மூன்றாம் நாள் குதிரை செத்துவிட்டது. கொழுத்த மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் இந்த ஆபத்து மற்றக் குதிரைகளை விட அதிகம். அன்றிலிருந்து நான் "குறையுங்கள்" என்று மட்டும் யாருக்கும் சொல்வதில்லை. நிறுத்துச் சொல்கிறேன்.

நிறுத்தே சொல்கிறேன். எடை இறங்க வேண்டிய மட்டக்குதிரைக்கு ஒரு நாளைக்கு அதன் உடல் எடையில் 1.5 வீதம் தீனி, நீரில்லாக் கணக்கில். ராணிக்கு அது 3.9 கிலோ. நீரில்லாக் கணக்கு என்றால் புல்லைச் சருகாகக் காய வைத்தபின் மிஞ்சுவது. மழைக்காலத்து இளம் பச்சைப்புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் அது, மிச்சம் தண்ணீர். ஆக, 3.9 கிலோ என்பது பச்சைப்புல்லில் 19 கிலோ போல வரும். இப்போது அவள் எவ்வளவு தின்கிறாள்? இரவு பகல் அவிழ்த்து விட்ட மட்டக்குதிரை 3 வீதம் தின்றால் கூட அது 38 கிலோ பச்சைப்புல். 5 வீதத்தை நெருங்கின குதிரைகளையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

"அப்படியானால் அரை நாள் மட்டும் விடுகிறோம்" என்பீர்கள். அங்கேதான் அவள் உங்களை விடக் கெட்டிக்காரி. மட்டக்குதிரைகளை ஒரு நாளைக்கு 3 மணி நேரம் மட்டும் புல்லில் விட்டுப் பார்த்தபோது, அந்த 3 மணி நேரத்துக்குள்ளேயே ஒரு நாள் தீனியில் 40 வீதம் அளவுக்குத் தின்று முடித்தன. நேரம் குறைவு என்று தெரிந்தால் வேகம் கூட்டும். ஆகவே மணிக்கூட்டை மட்டும் நம்ப முடியாது, வாயைக் கொஞ்சம் மறிக்க வேண்டும்.

உழவு மாட்டுக்கு அந்தக் காலத்தில் கட்டிய வாய்க்கூட்டை மாமி பார்த்திருப்பார். குதிரைக்கும் அதே யோசனைதான். வித்தியாசம், அடியில் இரண்டரை மூன்று சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு துவாரம் இருக்க வேண்டும். அதற்குள்ளால் புல் நுனி மட்டும் வரும், தண்ணீரும் குடிக்கலாம். பிரித்தானியாவில் மட்டக்குதிரைகளுக்கு இதைப் போட்டு அளந்தபோது தின்கிற அளவு ஏறக்குறைய 80 வீதம் குறைந்தது. நல்ல பிரம்பு வேலைக்காரர் ஒருவரால் பின்ன முடியும், ஆனால் மூக்குத்துவாரத்தை மறைக்காமல், தாடையில் உராயாமல், எதிலாவது மாட்டினால் அறுந்துவிடும்படி மெல்லிய வாரில் இருக்கட்டும். நம் வெயிலில் நாள் முழுக்கப் போட்டு வைக்க வேண்டாம். முதல் நாள் உங்களைத் திட்டுவாள். இரண்டாம் நாள் துவாரத்தின் வேலையைக் கண்டுபிடிப்பாள்.

விடியற்காலை 5 மணிக்கு, வாய்க்கூட்டோடு, இரண்டு மணி நேரம் புல்லில் விடுங்கள். விடியலைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெயிலில் புல் சீனி செய்யும், இரவில் அதைச் செலவழிக்கும். ஆகவே விடியலில்தான் புல்லில் சீனி குறைவு, மாலை மூன்று நான்கு மணிக்கு ஆகக் கூட. ஆங்கிலப் புத்தகங்களில் விடியற்காலைப் புல்லில் கவனம் என்று எழுதியிருக்கும்; அது உறைபனி விழும் ஊருக்கு. சித்தாண்டியில் புல் உறைகிற நாள் வந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஏழு மணிக்கு அவளைப் புல் இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள். கூட்டித் துப்புரவாக வைத்திருக்கும் மணல் வளவின் ஒரு மூலையே போதும்: நிழல், வாளி நிறையத் தண்ணீர், ஒரு கட்டி உப்பு. தென்னைக்குக் கீழே மட்டும் கட்ட வேண்டாம், விழுகிற தேங்காய்க்குக் குதிரை என்று தெரியாது. நீளக் கயிற்றில் கட்டினால் காலில் சுற்றிக் குளம்புக்கு மேல் அறுக்கும், ஆகவே வேலி அடைத்து விடுவதுதான் எனக்குப் பிடிக்கும். கிளிசிறிடியாக் கம்பு நட்டு வேலி போட வேண்டாம், அது துளிர்க்கும், அந்தக் குழை குதிரைக்கு நஞ்சு. இப்பில் இப்பில் குழையும் அப்படியே. மாடு ஆடு தின்னும், குதிரை தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும்.

அந்த மூலையில் வெயிலில் காய்ந்த புல் 4 கிலோவை நாலு பங்காக வைத்து, ஏழு மணி, மதியம், மாலை, இரவு படுக்கப் போகும் முன் என்று கொடுங்கள். அதில் ஒரு கிலோ வரை நல்ல வைக்கோலாக இருக்கலாம். மழை நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோல் கூடாது. முதல் நாளே ஒரு கிலோவும் கூடாது, குடலில் அடைக்கும், ஒரு பிடியில் தொடங்குங்கள். காய வைக்க வெயில் இல்லாத நாளில் பச்சையாக 17 கிலோ. கையால் மதிக்காதீர்கள். மீன் நிறுக்கிற கொக்கித் தராசில் உரப்பையைத் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள், அந்தத் தராசு பொய் சொன்னாலும் தினமும் ஒரே பொய்யைச் சொல்லும். காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் நிறையத் தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சீனி இன்னும் கொஞ்சம் கழுவுப்படும். நம் சூட்டில் அதற்கு மேல் ஊறினால் புளிக்கும். இப்போது தின்பதிலிருந்து இந்த அளவுக்கு ஒரே நாளில் விழுத்த வேண்டாம். கால் நோ இருந்தால் புல்லை விட்டு உடனே எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அப்போது காய்ந்த புல்லைத் தாராளமாக வைத்து, இரண்டு மூன்று கிழமையில் 4 கிலோவுக்கு இறக்குங்கள். எந்த நாளிலாவது தின்னாமல் நின்றால் அன்றே வைத்தியர்.

மணல் வளவில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தரையில் புல்லைக் கொட்டினால் பசியில் மணலையும் சேர்த்து நக்குவாள். மணல் குடலின் அடியில் படிந்து படிந்து வயிற்றுக்குத்து வரும், கழிச்சலும் வரும். பழைய மீன் வலையை இரட்டையாக மடித்துப் பை மாதிரித் தைத்து, அதில் புல்லை அடைத்து மார்பு உயரத்தில் கட்டுங்கள். தின்கிற நேரமும் நீளும். குளம்பு வலைக்குள் மாட்டாத உயரமா என்று பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்: சாணக் குவியலின் மேலே, தரையைத் தொடாமல் கிடக்கிற ஆறு உருண்டையை எடுத்து, வெள்ளைப் போத்தலில் தண்ணீர் விட்டுக் கரைத்து இருபது நிமிஷம் ஆடாமல் வைக்க வேண்டும். சக்கை மிதக்கும், மணல் அடியில் வெள்ளைக் கோடாக நிற்கும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒன்றும் படியவில்லை என்றால் மணலே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, ஆனால் பார்ப்பது நல்லது.

வாளியில் வைக்கிற எல்லாம் இன்றோடு நிற்க வேண்டும். சோறும் புண்ணாக்கும் ஏன் என்று நீங்களே சொல்வீர்கள். தவிட்டுக்கு வேறு காரணமும் உண்டு. தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. முன்பு ஐரோப்பாவில் மாவு ஆலை வைத்திருந்தவர்களின் குதிரைகள் தவிட்டையே தின்று தாடை எலும்பு வீங்கித் தலை பெருத்துப் போயின. ஆலைக்காரன் நோய் என்றே அதற்குப் பெயர். அதே நோயை வேறு வழியில் கொண்டுவருகிற புல்லும் நம் பக்கத்தில் உண்டு. கினிப்புல், மாட்டுக்கு நடுகிற சி.ஓ.3, தண்ணீர் நிற்கிற இடத்தில் வளரும் பாராப்புல், இவற்றில் ஒட்சலேற்று என்ற உப்பு கூட. அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாடு கொழுக்கிற அதே புல்லில் குதிரையின் எலும்பு உருகும். அறுகம்புல்லில் இந்தத் தொல்லை குறைவு. காய வைப்பதற்கு வெட்டும்போது அறுகு கூடுதலாக இருக்கிற பக்கம் பார்த்து வெட்டுங்கள். குறைந்த தீனியில் இருக்கும் குதிரைக்குக் கல்சியமும் மற்றத் தாதுக்களும் எப்படியும் வேண்டும். எந்தப் பொடி, எத்தனை கரண்டி என்பதை அவளைப் பார்க்கிற வைத்தியர் சொல்லட்டும்.

மாட்டுத் தீன் ஒரு சுண்டு என்று எழுதியிருந்தீர்கள். தயவு செய்து இனி ஒரு பிடியும் வேண்டாம். சில மாட்டுத் தீன்களிலும் கோழித் தீன்களிலும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் அது நன்மை. குதிரைக்கு மிகச் சிறிய அளவே இதயத் தசையை அழித்துக் கொல்லப் போதும். உங்கள் பையில் அது இருக்கிறதோ இல்லையோ, பரீட்சை பார்க்க வேண்டிய விஷயம் இல்லை. மெலிய வைக்கிற ஊசி என்றும் ஒன்று நம் அலுமாரியில் இல்லை.

தோட்டத்துப் புல்லை வெட்டிக் காய வைத்துச் சேமியுங்கள், அது அவளுக்கே வேண்டும். வெட்டின ஈரப்புல்லைக் குவியலாக விட்டு அவளை உள்ளே விடாதீர்கள், புளித்த குவியல் வயிற்றை ஊத வைக்கும். இன்னொரு வழி, பக்கத்துப் பட்டிக்காரரின் இரண்டு மூன்று மாட்டை முதலில் விட்டு மேய்த்து, அவை விட்டுப்போன முற்றின புல்லில் ராணியை விடுவது. உண்ணிக்கு மட்டும் கவனம்.

கால் நோ முழுக்கப் போய், வைத்தியர் சரி என்ற பிறகு வேலை கொடுங்கள். முதலில் ஆள் ஏறாமல், விடியலில், கையில் பிடித்துப் பதினைந்து நிமிஷ நடை. கிழமைக்குக் கிழமை கூட்டி, கிழமையில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்று வரட்டும், கடைசியில் மகள் ஏறி மெல்லோட்டம். இந்தக் கொழுப்போடு பத்து மணி வெயிலில் ஓட விட்டால் சூடு பிடித்து விழுந்துவிடுவாள்.

கிழமைக்கு ஒன்றரைக் கிலோ, ஆகக் கூடினால் இரண்டரைக் கிலோ இறங்கினால் போதும். அதற்கு மேல் வேகம் வேண்டாம். அந்தக் கணக்கில் மாசியில் தொடங்கினால் ஆனி, ஆடிக்குள் முடியும். வைகாசியில் கச்சான் தொடங்கிப் புல் காயும்போது உங்கள் வேலையில் பாதியை அது செய்துவிடும். அப்போது ஒருவரும் இரக்கப்பட்டு வாளி தூக்கக் கூடாது. விலா கைக்குத் தட்டுப்படத் தொடங்கும், ஊரார் "குதிரை வாடிப் போச்சே" என்பார்கள். சொல்லட்டும்.

கழுத்தில் இறுகின கறுப்புக் கயிற்றை இன்றே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். அவிழ்ப்பதற்கு முன் அது கழுத்தின் எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு நீளம் என்று மகளின் கொப்பியில் குறிக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நெஞ்சுச் சுற்றளவை அளக்கும்போது அதே இடத்தில் கழுத்தையும் அளக்கட்டும். பிடரிக் கொழுப்பு கடைசியாகத்தான் கரையும், அவசரப்பட வேண்டாம். பிடரி கல் மாதிரி இருப்பதை விட்டு விரலுக்கு மெத்தென்று அசையத் தொடங்கினால் அதுவே நல்ல குறி.

சித்திரை வருஷத்துக்கு முன் ஒருமுறை அளவுகளை எனக்கு எழுதுங்கள். மாமிக்கு ராணியைக் கவனிக்காமல் இருக்க முடியாது என்றால் காலையும் மாலையும் தேங்காய்த்தும்பால் அவள் உடம்பைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், குதிரைக்கு அது புண்ணாக்கை விடப் பிடிக்கும். வருஷத்தன்று பொங்கின பானையை மட்டும் அந்த வேலிப் பக்கம் கொண்டுபோக விடாதீர்கள்.